பஞ்சு விழாத வாரங்கள்

பாவுக்குப் போடும் அதே பசைதான்.
சைசிங் மில்லில் மூட்டை மூட்டையாய்க் கொட்டிக் காய்ச்சுவார்கள்.
நான் இரண்டு கிராம் நிறுத்து
வெந்நீரில் கலக்கிக்கொண்டு நிற்கிறேன்
கட்டி தட்டாமல், மூன்று மணி நேரம்.
பிறகு ஒரு சிட்டிகை இரும்பு உப்பு.
கரைசல் நாட்டுச்சர்க்கரைப் பாகின் நிறத்துக்கு வரும்.

கண்ணாடித் தட்டில் ஊற்றி
ரசமட்டம் பார்த்து வைத்தால்
நாலாம் நாள் உரிக்கலாம்,
சின்ன வெங்காயச் சருகு போல
மஞ்சளாய், மெல்லிசாய்.

ஆனால் இது சோமனூர்.
எதைக் கொண்டு மூடினாலும் உள்ளே பஞ்சு போகும்.
நுண்ணோக்கியில் வைத்தால்
ஒவ்வொரு படலத்திலும் ஓர் இழையாவது
காலை மடக்கிப் படுத்திருக்கும்.
ஒளி பட்ட பிறகு முதல் விரிசல்
அதன் ஓரத்தில்தான் கிளம்பும்.
ஹெலன் சுகிர்தா மேடம் அதை மாசு என்பார்.
கூட்டுகிற மாரக்காள், பொழப்பு என்பாள்.

பிளைவுட் பெட்டிக்குள் விளக்கு.
வேலை செய்கிற ஒளி கண்ணுக்குத் தெரியாது;
இடுக்கில் கசிகிற நீலம்
அதன் எச்சில் மட்டும்.
டிபன் கொடுக்க வந்த கிட்டுசாமி அண்ணன்
பெட்டியைத் தட்டிப் பார்த்துக் கேட்டார்:
"ஏம்மிணி, நம்மூர்ல வெயிலுக்கா பஞ்சம்?
கரண்டுக்குக் காசு கட்டி வெயில் காச்சறீங்க?"

சொன்னேன்.
இரும்பு மூன்றைக் கொடுத்துவிட்டு நிற்கிறது அண்ணா.
ஒளி விழுந்ததும் ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்.
மஞ்சள் வெளுக்கும்.
"யார்கிட்ட வாங்கும்?"
பக்கத்தில் இருக்கிற குளோரினிடம்.
குளோரின் போய்ச் சங்கிலியிடம் பிடுங்கும்.
சங்கிலி எங்காவது அறும்,
இல்லையென்றால் அடுத்த சங்கிலியோடு
தன்னைச் சேர்த்துக் கட்டிக்கொள்ளும்.
"அட, பைனான்ஸ்காரன் கதை"
என்று போசியைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஆடிப் பதினெட்டு கழிந்த கையோடு
கூலி கேட்டுத் தறிகள் நின்றன.

முதல் இரண்டு ராத்திரி
ஊரில் யாருக்கும் தூக்கம் வரவில்லை,
சத்தம் இல்லாததால்.
ஆய்வகத்தில் வோல்டேஜ் இருநூற்று முப்பதில்
அசையாமல் நின்றது.
நாற்பத்தெட்டு மணி நேரம்
விளக்கு ஒருமுறைகூடக் கண் சிமிட்டவில்லை.
முந்நூற்று அறுபது நானோமீட்டரில் இருந்த மேடு
மணிக்கு மணி தணிந்தது.
புள்ளிகள் சொல்லி வைத்தாற்போல் கோட்டில் விழுந்தன.
படலங்களில் ஒரு இழை இல்லை.
நான்கு வருடத்தில்
இப்படி ஒரு படலம் நான் உரித்ததில்லை.

"இதைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தேன்"
என்றார் மேடம்.
மாரக்காள் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு
கூட்ட ஒன்றுமில்லை என்று
வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

பத்தொன்பதாம் நாள்
அண்ணன் எட்டுத் தறியில் இரண்டை
பழைய இரும்புக்குப் போட்டார்.
கிலோ கணக்கில்.
டெம்போ போகும்வரை வீட்டில் யாரும்
வெளியே வரவில்லை.
நான் அன்றைக்குத்தான்
அந்த வரைபடத்தைக் கலரில் அச்செடுத்து
பையில் வைத்திருந்தேன்.
எடுத்துக் காட்டவில்லை.
"ஆராய்ச்சி எப்படிப் போவுது?" என்றார்.
பரவாயில்லைண்ணா என்றேன்.

வெளுத்த துண்டுகளை
டிராயரில் இருட்டில் போட்டிருந்தேன்.
ஒரு மாதம் கழித்து எடுத்தால்
ஓரங்களில் மஞ்சள் திரும்பியிருக்கிறது.
இரும்பு வாங்கினதை
காற்று நுழைந்து வாங்கிப்போயிருக்கிறது.
அறுந்த இடம் அறுந்தபடிதான்.
எத்தனை நாளில், எவ்வளவு திரும்பும் என்று
யாரும் இந்தப் பசையில் அளந்ததாகத் தெரியவில்லை.
அளக்க வேண்டும்.

நேற்றுச் சாயங்காலம் தறி ஓடத் தொடங்கியது.
ஆறு தறி.
பெட்டிக்குள் விளக்கு இரண்டு முறை இமைத்து
மறுபடி பிடித்துக்கொண்டது.
காலையில் புதுப் படலத்தை உரித்து
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்:
நடுவில், காலை மடக்கிக்கொண்டு.

நோட்டில் எழுதினேன்:
மாதிரி எண் முப்பத்தொன்று.
மாசு, பருத்தி இழை ஒன்று.
தூக்கி எறிய மனசில்லாமல்
விளக்கடியில் வைத்துப் பெட்டியை மூடினேன்.